போக்கரில் நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு: ஏஸ்-கிங்கை மடக்கலாமா?

கடைமடைக்காரன்:
"ஏஸ்-கிங் வந்தால் எந்தக் கட்டத்திலும் ஆல்-இன்னுக்குக் கால் போடணும், மடக்குகிறவன் பயந்தாங்கொள்ளி" என்று நேற்று குடமுருட்டி அண்ணன் இங்கே எழுதியிருக்கிறார். ஆல்-இன் என்றால் கையில் உள்ள சிப்ஸை (ஆட்ட வில்லைகளை) மொத்தமாகத் தள்ளுவது, கால் என்றால் அதற்கு ஈடு வைப்பது, மடக்குவது என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது. புதிதாக ஆடுகிற பிள்ளைகள் அண்ணன் சொன்னதை நம்பினால் காசு போய்விடும். போட்டியில் நாலு பேர் மிச்சம், ஆளுக்குச் சம சிப்ஸ். பரிசு 50,000, 30,000, 20,000. இப்போது உங்கள் சிப்ஸின் மதிப்பு 25,000. கால் போட்டு ஜெயித்தால் சிப்ஸ்தான் இரட்டிப்பு. ஐசிஎம் (சிப்ஸைப் பரிசுப் பணமாக மதிப்பிடும் முறை) கணக்குப்படி மதிப்பு 38,333. தோற்றால் ஒன்றுமில்லை. பிளைண்டை (சீட்டைப் பார்க்குமுன் வைக்கும் கட்டாயப் பந்தயத்தை) விட்டுவிட்டுப் பார்த்தால், 65.2 சதவீதம் ஜெயிக்கிற கைக்குத்தான் கட்டுப்படியாகும்.

குடமுருட்டி:
ஏஸ்-கிங்குக்கு 65 இருக்கிறதே தம்பி! அப்புறம் எதற்கு மடக்கணும்?

கடைமடைக்காரன்:
எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளினால்தான் அந்த 65. பார்த்துத் தள்ளுகிறவன் கையில் வெறும் 2-2 ஜோடி இருந்தாலும் நீங்கள் 50-க்குக் கீழே. குயின் ஜோடி என்றால் 43 பக்கம்.

குடமுருட்டி:
65 இருக்கா இல்லையா? அதற்குப் பதில் சொல். கோவாவில் மேஜையில் உட்கார்ந்து ஆடியவன் நான். நீ கால்குலேட்டரில் ஆடுகிறாய்.

வெண்ணாறு:
சண்டையை விடுங்கள். பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கிற சாட்டிலைட் போட்டியில் கடைசிப் பரிசும் முதல் பரிசும் ஒரே நுழைவுச் சீட்டு. அங்கே ஏஸ் ஜோடியையே மடக்க வேண்டிய நேரம் வரும்.

குடமுருட்டி:
ஏஸ் ஜோடியை மடக்குவதா! நன்றாக இருக்கிறது உங்கள் வீரம். இந்த ஐசிஎம்மே 1973-ல் ஹார்வில் என்ற புள்ளியியல்காரர் போட்ட சூத்திரம். குதிரைப் பந்தயத்துக்கு ஆகும்.

கடைமடைக்காரன்:
அதை 1987-ல் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் இறுதி மேஜையில் பரிசைப் பேசிப் பிரிக்கிறவர்கள் அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இன்னொன்று: கால் போடுவது வேறு, தள்ளுவது வேறு. நீங்கள் முதலில் தள்ளினால் எதிராளிக்குத்தான் 65 தேவை. சிப்ஸ் அதிகம் வைத்திருப்பவன் இந்தக் கட்டத்தில் அடுத்தவனை நெருக்குவது அதனால்தான். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் யாராவது எல்லா வயலிலும் குறுவை போடுவானா? கையில் இருப்பதைக் காப்பாற்றுவதும் ஆட்டம்தான்.

குடமுருட்டி:
குறுவையைப் பற்றி நீ பேசாதே. ஜூன் 12 திறந்தால் எங்களுக்குக் கல்லணையிலிருந்து நேராக வந்துவிடும்.

கடைமடைக்காரன்:
வரும். மேலே இருப்பவர்கள் பாய்ச்சிய மிச்சம்தான் எங்களுக்கு. கடைமடையில் நாற்று காய்வதைப் பார்த்தவன் எதையும் எண்ணித்தான் இறக்குவான். போன வருஷம் முறைப்பாசனம் பற்றி நான் எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள்.

வெண்ணாறு:
ஆன்லைன் பண ஆட்டத்துக்கு 2025-ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டாயிற்று. இங்கே யார் எங்கே ஆடப் போகிறீர்கள்?

குடமுருட்டி:
அது வேறு பேச்சு. ஏஸ்-கிங்குக்கு 65. மடக்க மாட்டேன்.

கடைமடைக்காரன்:
தேவை 65.2. உங்கள் 65-ம் பார்க்காமல் தள்ளுகிறவனுக்கு எதிராகத்தான். அப்படித் தள்ளுகிற ஒருத்தனைக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

குடமுருட்டி:
கோவாவுக்கு வா, காட்டுகிறேன்.