கணினி 2018க்குப் போய்விட்டது

பெரியப்பா: கார்த்தி, மேசைக் கணினியில் பேங்க் சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது. இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். போனில் மட்டும் ஒழுங்காக வருகிறது.

வள்ளி அத்தை: ஐயோ அண்ணா, யாரோ உள்ளே புகுந்துவிட்டான். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள் 😱

கார்த்தி: அத்தை, கொஞ்சம் பொறுங்கள். பெரியப்பா, திரையின் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது?

பெரியப்பா: 1-1-2018. நேற்று ராத்திரி கரண்ட் போனதிலிருந்து இப்படித்தான்.

கார்த்தி: அதுதான் விஷயம். ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கணக்கு உண்டு. 2018இல் நிற்கும் கணினிக்கு இந்த வருஷத்துச் சான்றிதழ் செல்லாது.

பெரியப்பா: நெட் இருக்கிறதே, தானாக நேரம் வாங்கிக்கொள்ளாதா?

கார்த்தி: வாங்கும். ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால், வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை வழக்கமாகக் கை வைக்காது. தேதியை நீங்களே மாற்றிவிட்டு, அப்புறம் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

பெரியப்பா: சரி. ஆனால் எங்கோ இருக்கும் கடிகாரத்தின் நேரம் இங்கே வந்து சேர்வதற்குள் பழசாகிவிடுமே?

சுதா: அப்பா, நல்ல கேள்வி 👏 டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1980களிலேயே இதற்கு வழி செய்துவிட்டார். என்டிபி என்று பெயர், அதாவது நெட் வழியாகக் கணினிகள் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும் முறை. உங்கள் கணினி ஒரு நேர சர்வரிடம் 10:00:00க்குக் கேட்கிறது, 10:00:02க்குப் பதில் கிடைக்கிறது என்று வையுங்கள். பதிலில் அந்த சர்வர் போட்ட நேரம் 10:00:06. போக ஒரு நொடி, வர ஒரு நொடி. அப்படியானால் பதில் கைக்கு வரும்போது அங்கே 10:00:07. நீங்கள் 5 நொடி பின்தங்கியிருக்கிறீர்கள்.

பெரியப்பா: போகிற நேரமும் வருகிற நேரமும் சமம் என்று யார் சொன்னது?

சுதா: யாரும் சொல்லவில்லை, அப்படி வைத்துக்கொள்கிறார்கள் 😄 அதனால்தான் பெரிய இடங்களில் ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்து சர்வர்களைக் கேட்டு ஒப்பிடுகிறார்கள். நிஜத்தில் எல்லாமே மில்லி நொடிக் கணக்குதான். நம் நாட்டு நேரத்துக்கு டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்கள் வைத்திருக்கிறது.

பிரவீன்: அக்கா, நடுவில் ஒரு சந்தேகம். லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டதிலிருந்து, விண்டோஸ் திறந்தால் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது.

சுதா: மதர்போர்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையில், ஒரு கடிகாரம் உண்டு. அதில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்று. தனியாக வா, சொல்கிறேன்.

பெரியப்பா: பேங்க் சைட் வந்துவிட்டது 🙏

கார்த்தி: இதோடு விடாதீர்கள். கரண்ட் இல்லாதபோது உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி தீர்ந்திருக்கும், அடுத்த பவர்கட்டில் மறுபடி 2018தான். மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். கடையில் சிஆர் 2032 என்று கேளுங்கள். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கேபினெட்டைத் திறக்கணும், பிளஸ் குறி மேலே.

வள்ளி அத்தை: அப்போ பாஸ்வேர்டை மாற்ற வேண்டாமா? நான் இப்போதுதான் என்னுடையதை மாற்றினேன் 😐