நூற்றாண்டு வீட்டுக்கு சிமெண்ட் பூச்சும் அலுமினியச் சன்னலும் சரியா?

புதுக்குடித்தனம்:
நூறு வருடம் தாண்டிய வீடு வாங்கியிருக்கிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், உயரமான மரச் சன்னல்கள், கூரையடியில் சுதை வேலைப்பாடு. கீழ்ச்சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மொத்தத்தையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாம், சன்னலை அலுமினியமாக மாற்றலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

நடைமுறைவாதி:
தாராளமாக. வீடு குடியிருக்கத்தான். பழைய ஒயரிங்கில் எர்த்கூட இருக்காது. அதையும் பாரம்பரியம் என்று கட்டிக்கொண்டு அழ முடியுமா?

காரைப்பூச்சு:
ஒயரிங்கை மாற்றாதே என்று யார் சொன்னது? வம்பே சிமெண்டில்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் உயரமாக ஏறும். உப்பு செங்கல்லுக்குள் பூத்து அதன் முகமே பொடியாக உரியும். பூச்சு மட்டும் விறைப்பாக நிற்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். முதலில் வெளியே மண்மட்டம் ஏறியிருக்கிறதா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பாதி ஓதம் அங்கேயே தீரும்.

நடைமுறைவாதி:
சரி, சுவரை விடுங்கள். இடுக்கெல்லாம் காற்று வரும் சன்னலை என்ன செய்வது? பழைய கட்டடம் புழக்கத்தில் இருப்பதே நல்லது என்று, பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனமே சொல்கிறது.

காரைப்பூச்சு:
பாதியோடு நிறுத்திவிட்டீர்களே! அதற்காக அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்று அடுத்த வரியே இருக்கிறது.

நடைமுறைவாதி:
அது நினைவுச்சின்னங்களுக்கு எழுதியது ஐயா. இவர்கள் கேட்பது படுக்கையறைக்கு.

தச்சுப்பட்டறை:
சண்டைக்கு நடுவில் ஒன்று. சன்னலில் பழைய பெயிண்ட் இருந்தால் உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள், ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு அமெரிக்காவிலேயே 1978இல்தான் தடை வந்தது. குழந்தைகள் இருந்தால் அந்தத் தூசு ஆபத்து. மற்றபடி, இற்றுப்போவது பெரும்பாலும் அடிச்சட்டம்தான். அந்தத் துண்டை மட்டும் அறுத்துப் புது மரம் ஒட்டலாம். இடுக்குக்கு ரப்பர் பட்டை. உள்பக்கம் கழற்றக்கூடிய இரண்டாவது கண்ணாடி போட்டால் சத்தமும் குறையும், வெளித்தோற்றமும் கெடாது.

நடைமுறைவாதி:
கூலி யார் கொடுப்பது? இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

புதுக்குடித்தனம்:
அதுதான் எங்கள் கவலையும். சிமெண்டை நிறுத்தச் சொல்லிவிட்டோம். மழை அடிக்கும் பக்கத்துச் சன்னல்கள் மட்டும் ரொம்ப மோசம்.

நடைமுறைவாதி:
அவற்றையாவது மாற்றுங்கள்.

காரைப்பூச்சு:
அடிச்சட்டத்தை மட்டும்!