ரேயான் கவுன் கழுத்துக்கு கிராஸ் பீஸா, ஃபேசிங்கா?

தையல் தெரிந்த அக்காமார்கள் கொஞ்சம் சொல்லுங்கள். சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டில் வாங்கிய ரேயானில் மகளுக்குக் கையில்லாத கவுன் தைக்கிறேன்; இந்தப் புழுக்கத்தில் லைனிங் வேண்டவே வேண்டாம் என்கிறாள், அதனால் உள்பக்கமும் பிசிறில்லாமல் இருக்க வேண்டும், வீட்டில் ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் கிடையாது. பக்கத் தையலுக்கு பிரெஞ்சு சீம், அதாவது நல்ல பக்கம் வெளியே இருக்க கால் அங்குலத்தில் அடித்து, நறுக்கி, உள்ளே திருப்பி மறுபடி அடிப்பது, அது அழகாகவே வந்துவிட்டது.

கழுத்தும் கைக்குழியும்தான் தலைவலி. ரேயான் வளைவில் இழுபடுகிறது. 45 டிகிரியில் சாய்வாக வெட்டிய பட்டியை, அதாவது கிராஸ் பீஸை, உள்ளே மடித்து அடிக்கவா, விறைப்புக்குக் கேன்வாஸ் துணி ஒட்டி, கழுத்து வடிவத்திலேயே வெட்டிய உள்பட்டியான ஃபேசிங் வைக்கவா? ஃபேசிங் துவைத்தால் வெளியே எட்டிப் பார்க்குமே! மெல்லிய கேன்வாஸ் பீப்பிள்ஸ் பார்க்கில் கிடைக்குமா, தேக்காவிலா?

அப்புறம், கீழ்ச்சுற்று நல்ல அகலம். துணி தொய்ந்து இறங்கட்டும் என்று ஓரம் மடிக்கும் முன் ஒரு ராத்திரி தொங்கவிட்டால் போதுமா?