மறு: ‘நுண்சூழல்’ போதுமா?

வணக்கம். புற்றணுவை, அதாவது புற்றுநோய்ச் செல்லைச் சுற்றியுள்ள செல்களும் திசுவும் சேர்ந்த இடத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘புற்றுநோய் நுண்சூழல்’ ஏற்கெனவே புழங்குகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

புழங்குகிறது, உண்மைதான் ஐயா. ஆனால் ‘சூழல்’ என்றதும் காற்று, ஈரம், வெப்பம் என்று சும்மா சுற்றி இருப்பவைதான் நினைவுக்கு வருகின்றன. இங்கே எதுவும் சும்மா இருப்பதில்லை. மார்பகப் புற்று எலும்புக்குள் புகுந்தபின் நடப்பதைப் பாருங்கள். புற்றணு சுரக்கும் ஒரு புரதம், எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுகிறது. அவை ‘ராங்க்-எல்’ என்ற சமிக்ஞையை விடுக்க, எலும்பை அரிக்கும் செல்கள் பெருகுகின்றன. எலும்பு கரையக் கரைய, அதில் பொதிந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிப்பட்டுப் புற்றணுவுக்கே தீனியாகின்றன. அது இன்னும் சுரக்கிறது. டெனோசுமாப் மருந்து ராங்க்-எல்லை மட்டுமே மடக்குகிறது. புற்றணுவை நேராகத் தாக்காமலே எலும்பு முறிவுகளைக் குறைக்கிறது.

> பேஜெட்டின் ‘வித்தும் நிலமும்’ கருத்தை ஒட்டி ‘புற்றுநிலம்’ எனலாமே?

ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-இல், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். கல்லீரலில் நோய் அடிக்கடி இறங்கியிருந்தது. இரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலிலோ அரிதாகவே இருந்தது. வித்து ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும், அதுபோலப் புற்றும் தனக்கு ஏற்ற உறுப்பில்தான் வளரும் என்பது அவர் கருத்து. அருமையான கருத்து, மறுக்கவில்லை. ஆனால் ‘புற்றுநிலம்’ என்றால் எனக்குக் கறையானும் பாம்பும்தான் தெரிகின்றன! மேலும் புற்றணு, கிடைத்த நிலத்தில் விழுந்து முளைப்பதோடு நிற்பதில்லை. திசுவைத் தாங்கும் கொலாஜன் என்ற புரத வலையை நொதிகளால் அறுக்கிறது, புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது.

என் பரிந்துரை: ‘புற்றணு அயல்’. அயல் என்பதில் இடமும் இருக்கிறது, அங்கே குடியிருப்போரும் இருக்கிறார்கள், கொடுக்கல்வாங்கலும் இருக்கிறது. ‘கட்டியயல்’ இன்னும் சுருக்கம்தான். ஆனால் இரத்தப் புற்றில் பெரும்பாலும் கட்டியே கிடையாது, அங்கே எலும்பு மஜ்ஜைதான் அயல்.

> அயல் என்றால் அந்நியம் என்று ஆகிவிடாதா?

‘அயல்நாடு’ பழக்கம் அப்படி நினைக்க வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘அயலவர்’ என்றால் பக்கத்து வீட்டார்தான், அம்மா.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “புற்றணு அயலில் உள்ள விழுங்கு செல்கள் பரவலுக்குத் துணைபோகின்றன.” (விழுங்கு செல்கள் என்பவை கிருமிகளை விழுங்கும் தற்காப்புச் செல்கள்.) உறுத்தவில்லை. புற்றணு வந்து சேருமுன்பே, முதற்கட்டி அனுப்பும் சமிக்ஞைகளால் தொலைவுறுப்பில் தயாராகும் இடத்துக்கு ‘முன்னயல்’ என்று வைத்துக்கொள்ளலாம். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடும், அதை ஆண்ட ஒரு வாக்கியத்தோடும் எழுதுங்கள்.