திருவனந்தபுரத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ: நாலரை மணி நேரம்தானா?

பாளைவாசி:
67 வயது அம்மாவை ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற அண்ணனிடம் தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஏறி துபாயில் மாறுகிற மாதிரி டிக்கெட் பார்த்திருக்கிறேன். துபாயில் காலை 8.30க்குக் கிளம்பி அதே நாள் மதியம் 1 மணிக்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது. நாலரை மணி நேரம்தானா, நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போகவே ராத்திரி முழுக்க ஆகுதே என்று அம்மா சந்தோஷமாகக் கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? சிங்கப்பூர் வழியாகப் போனால் குறையுமா?

வண்ணார்பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஜூனில் துபாய் கடிகாரம் சான் பிரான்சிஸ்கோவை விட 11 மணி நேரம் முன்னால் ஓடும், குளிர்காலத்தில் 12. நாலரையோடு 11ஐக் கூட்டுங்கள், பதினைந்தரை மணி நேரம்.
தூரம் என்று பார்த்தால் திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950 கி.மீ., அங்கிருந்து இன்னும் 13,000. சிங்கப்பூர் வழி 3,100ம் 13,600ம், அதாவது 750 கி.மீ. கூடுதல். பெரிய ஜெட் மணிக்கு 900 கி.மீ. போகும், ஆக ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை.

கணக்குப்புலி:
ஆனால் சிங்கப்பூர் வழியில் போக வர ஒரே நேரம் ஆகாது. பசிபிக்குக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று அடிக்கும், போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்காற்று, அதனால் திரும்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் கூடவே ஆகும். துபாய் விமானம் வடதுருவத்தை ஒட்டிப் போவதால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.
துருவம் எதற்கு என்று கேட்பீர்கள். சுவர் மேப்பை நம்பாதீர்கள், வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்தே நேராக இழுத்தால் நூல் கிழக்கே கடலுக்குள் போகாது, சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று வடக்கே வளைந்து இறங்கும். அது 14,500 கி.மீ. விமானம் மாறுவதற்காக நாம் ஆயிரத்து ஐந்நூறு கி.மீ. சுற்றுகிறோம், அவ்வளவுதான்.

தென்காசிச்சாரல்:
கிலோமீட்டரை விடுங்கள் தம்பி, போன வருஷம் என் மாமியாரை இப்படித்தான் அனுப்பினேன். பாளையிலிருந்து ஏர்போர்ட் 150 கி.மீ.தான், ஆனால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். மூன்று மணி நேரம் முன்னாடியே உள்ளே போக வேண்டும், துபாய்க்கு நாலு, அங்கே காத்திருப்பு, அப்புறம் பதினைந்தரை, இறங்கினால் இமிகிரேஷன் வரிசை. எப்படியும் முப்பது மணி நேரத்துக்கு மேல். துபாயில் ஒன்றரை மணி நேரத்தில் மாறுகிற டிக்கெட்டை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் வயசானவர்கள் தவித்துப்போவார்கள். நாலு மணி நேர இடைவெளி இருக்கட்டும். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், நடக்க முடிந்தாலும் கேளுங்கள், கூட வருகிற ஆளே அடுத்த கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்.

பாளைவாசி:
ரொம்ப நன்றி, நாலு மணி நேர இடைவெளி உள்ளதையே போட்டுவிட்டேன். முப்பது மணி நேரம் என்றதும் அம்மா முகம் வாடிப்போச்சு. இப்போது வடதுருவம் பக்கம் போகிறதே, ஸ்வெட்டர் வேண்டாமா என்று கேட்கிறாள்.

தென்காசிச்சாரல்:
துருவம் இல்லாவிட்டாலும் விமானத்துக்குள் குளிரும். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.