ஒரே டிராயிங்கில் நான்கு பேர்: ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிடாமல் இருக்க என்ன வழி?

தளவரைபடம்:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஆட்டோகேட் 2022 என்ற வரைபட மென்பொருளில் வேலை, கோப்புகள் எல்லாம் சர்வரில் ஒரே ஃபோல்டரில். பெரிய கட்டடம், ஆனால் சுவர், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைமென்ஷன் என்று மொத்தமும் ஒரே டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் டிராயிங் கோப்பு) உள்ளே கிடக்கிறது. ஒருவர் திறந்திருந்தால் மற்றவர்களுக்கு ரீட் ஒன்லியாகத்தான் வருகிறது, அதனால் ஆளுக்கொரு பெயரில் சேவ் ஆஸ் போட்டு வேலை செய்து மாலையில் ஒன்றாகச் சேர்க்கிறோம். நேற்று முதல் தளத்து டைமென்ஷனை எல்லாம் முடித்து, சேவ் செய்து மூடிவிட்டுக் கிளம்பினேன். பிளம்பிங் பார்ப்பவர் காலையில் எடுத்துவைத்த தன் காப்பிக்கு அதே பெயர் வைத்து, எக்ஸ்ப்ளோரரில் அப்படியே மேலே ஒட்டிவிட்டார். ஒரு நாள் உழைப்பு காணாமல் போய்விட்டது. இது மூன்றாவது முறை, மனசே விட்டுப்போச்சு. வேறு வழி சொல்லுங்கள்.

லேயர்_ஜீரோ:
முதலில் அந்தக் கோப்பை யாரும் திறந்து சேவ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் அவசரம். பக்கத்திலேயே அதே பெயரில் பி.ஏ.கே. கோப்பு, அதாவது ஆட்டோகேட் தானாக எடுத்துவைக்கும் பேக்கப், ஒன்று இருக்கும். ஆட்டோகேடுக்குள் சேவ் கொடுக்கும்போதுதான் பழைய நிலை பி.ஏ.கே.யாக மாறும், அவர் ஒட்டியது எக்ஸ்ப்ளோரரில் என்பதால் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கடைசியாக சேவ் செய்ததற்கு முந்தைய நிலை அதில் இருக்க வேண்டும். வேறு இடத்துக்கு காப்பி எடுத்து, நீட்சியை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றித் திறந்து பாருங்கள். அப்புறம் கம்பேர் கட்டளையில் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடுகளை நிறம் பிரித்துக் காட்டும், உங்கள் பதிப்பில் அதிலிருந்தே வேண்டியதை இங்கே கொண்டுவரவும் முடியும்.

தளவரைபடம்:
கிடைத்துவிட்டது!! கடைசி இருபது நிமிட வேலை மட்டும்தான் இல்லை. ரொம்ப நன்றி, நிஜமாகவே.

கோட்டுச்சித்தர்:
நல்லது. ஆனால் டிராயிங் ஒன்றாக இருக்கும்வரை இது திரும்ப நடக்கும். உடைத்துவிடுங்கள். சுவர் ஒரு கோப்பு, எலக்ட்ரிக்கல் ஒன்று, பிளம்பிங் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. மற்றவர்கள் அதை எக்ஸ்ரெஃப்பாக (தன் டிராயிங்கோடு இணைத்துப் பார்க்கும் வெளிக்கோப்பாக) அடியில் வைத்துக்கொண்டு தங்கள் கோப்பில் மட்டும் வரைய வேண்டும். சுவர்க்காரர் ஒரு கதவை நகர்த்தி சேவ் செய்தால் உங்கள் திரையின் வலது கீழ் மூலையில் அறிவிப்பு வரும், ரீலோட் கொடுத்தால் போதும்.

கொண்டுவரும்போது அட்டாச் வேண்டாம், ஓவர்லே போடுங்கள். அட்டாச் போட்டால் உங்கள் கோப்பை இன்னொருவர் எடுக்கும்போது அதற்குள் இருக்கும் சுவரும் கூடவே வரும். அவரும் ஏற்கெனவே சுவரைக் கொண்டுவந்திருப்பார், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவர். பாத் ரிலேட்டிவாக, அதாவது உங்கள் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துக் குறிப்பதாக, இருக்கட்டும், இல்லாவிட்டால் ஃபோல்டரை இடம் மாற்றிய அன்றே எல்லாம் நாட் ஃபவுண்ட் என்று நிற்கும். எக்ஸ்லோட்கன்ட்ரோல், அதாவது எக்ஸ்.எல்.ஓ.ஏ.டி.சி.டி.எல். என்ற செட்டிங்கின் மதிப்பு 2 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 1 என்று இருந்தால் நீங்கள் வெறுமனே ரெஃபரன்ஸாக வைத்திருக்கும் கோப்பே பூட்டிக்கொள்ளும், உரியவரால் சேவ் செய்ய முடியாது.

நட்டும்போல்ட்டும்:
நாங்கள் பயன்படுத்துவது சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். பார்ட் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு என்பதால் பிரிக்கிற வேலை இல்லை, கோப்புகளை நிர்வகிக்கும் பி.டி.எம். மென்பொருளில் செக் அவுட் செய்தவரை (கோப்பைத் தன் பெயரில் எடுத்தவரை) தவிர யாராலும் திருத்த முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கிளவுட் சிங்க் ஃபோல்டரை சர்வர் மாதிரி நினைத்து வேலை செய்யாதீர்கள். அங்கே ஆளாளுக்குத் தன் கணினியில் தனி காப்பி, ஒரே நேரத்தில் இருவர் திறந்தாலும் தடுக்க ஆளில்லை, கடைசியில் முரண்பட்ட காப்பி என்று இரண்டு நிற்கும்.

தளவரைபடம்:
சரி, நாளைக்கே உடைக்கிறோம். இன்னொன்று: சில நாள் யாருமே திறக்காத கோப்பும் யாரோ பயன்படுத்துவதாகச் சொல்லி ரீட் ஒன்லியாக வருகிறதே?

லேயர்_ஜீரோ:
கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் டி.டபிள்யூ.எல்., டி.டபிள்யூ.எல். 2 என்று இரண்டு சின்னக் கோப்புகள் உருவாகும், மூடினால் போய்விடும். ஆட்டோகேட் கிராஷ் ஆனால் அவை அங்கேயே தங்கிவிடும். ஹூஹாஸ் கட்டளை கொடுத்தால் யார் பெயரில், எந்தக் கணினியில், எத்தனை மணிக்குத் திறந்தது என்று சொல்லும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, திறந்து வைக்கவில்லை என்று உறுதியான பிறகு அந்த இரண்டையும் அழித்துவிடுங்கள்.