பேக்கப் ஹார்டு டிஸ்கும் சேர்ந்தே லாக் ஆயிடுச்சு, இனி எப்படி அமைக்கிறது?

நூல்கண்டு:

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. ஐடி டிபார்ட்மென்ட்னா நான் ஒருத்தன்தான். நாற்பது சிஸ்டம், ஒரு சர்வர். டேலி கணக்கு, பையர் அனுப்புற டெக் பேக் (டிசைன், அளவு விவரம்), கட்டிங்குக்கான மார்க்கர் ஃபைல் (துணில பீஸ்களை அடுக்கற படம்), பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதுலதான். மொத்தம் ஒண்ணே கால் டிபி.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலைல எட்டரைக்கு மெர்ச்சன்டைசிங்ல இருந்து போன். "அண்ணா, எக்செல் ஐகான் எல்லாம் வெள்ளையா இருக்கு, ஒண்ணும் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தா ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாலயும் ஏதோ எழுத்துக் கோர்வை. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற வைரஸ். வீட்டுல இருந்து வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை ரவுட்டர்ல நேரா திறந்து வெச்சிருந்தோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த வழியாத்தான் வந்திருக்காங்கன்னு சர்வரோட பதிவுல தெரிஞ்சுது.

பேக்கப் இருக்குன்னு தைரியமாத்தான் இருந்தேன். சர்வருக்குப் பின்னாடி யூஎஸ்பி ஹார்டு டிஸ்க், தினமும் ராத்திரி 11 மணிக்குக் காப்பி ஓடும். அதைத் திறந்தேன். அங்கயும் அதே எழுத்துக் கோர்வை. ஈ டிரைவா மாட்டியே கிடந்ததால அதையும் சேர்த்துப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சுங்க.

ஆடிட்டர் ஆபீசுக்காக 19 நாள் முன்னாடி பென் டிரைவ்ல எடுத்துக் குடுத்த டேலி பேக்கப்தான் மிஞ்சுனது. அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற அக்கா ரெண்டு பேரும் வவுச்சர் கட்டுகளை மேசை பூராப் பரப்பி, ஒரு வாரம் ராத்திரி ஒன்பது வரைக்கும் உட்கார்ந்து அந்த 19 நாளையும் திரும்ப அடிச்சாங்க. அவங்க முகத்தைப் பார்க்கவே முடியலை. ஓடிட்டிருந்த ஆர்டர்களுக்கு மார்க்கர் புதுசா போட வேண்டியதாச்சு.

இப்போ முதலாளி "என்ன வேணுமோ எழுதிக் குடு"ன்னு சொல்லிட்டார். ஒரு வென்டார் நாஸ் (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி) வாங்குங்க, ரெய்டு (பல டிஸ்க்ல சேர்த்து எழுதற ஏற்பாடு) இருக்கு, அதுவே போதும்ங்கிறார். இன்னொருத்தர் மொத்தத்தையும் கிளவுட்ல போடுங்கறார். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மில்_சர்வர்:

தம்பி, ரெய்டு பேக்கப்பே கிடையாது. ஒரு டிஸ்க் போனா வேலை நிக்காது, அதுக்குத்தான் அது. ஃபைலை யாராவது அழிச்சா அந்த நொடியே எல்லா டிஸ்க்லயும் அழிஞ்சிடும். பூட்டினாலும் அப்படித்தான்.

மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, அதுல ஒண்ணு வெளியிடத்துலங்கிற 3-2-1 கணக்கு உனக்கும் தெரிஞ்சிருக்கும். நான் அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்பேன். உன் சர்வரோட அட்மின் பாஸ்வேர்டு ஒருத்தன் கைக்குப் போயிடுச்சுன்னு வை, அதை வெச்சு அவனால பேக்கப்பையும் அழிக்க முடியுமா? முடியும்னா உனக்கு நடந்ததே திரும்ப நடக்கும்.

அதனால நாஸ் வாங்கு, ஆனா சர்வர்ல டிரைவா மேப் பண்ணாதே. டொமைன்ல (ஒரே அட்மின் லாகின்ல எல்லா சிஸ்டமும் அடங்கற அமைப்பு) சேர்க்காதே. நாஸ்தான் சர்வருக்குள்ள வந்து ஃபைலை எடுத்துட்டுப் போகணும். நாஸோட பாஸ்வேர்டு சர்வருக்குத் தெரியவே கூடாது. ஸ்னாப்ஷாட்டை (அந்தந்த நேரத்துல ஃபைல் இருந்த நிலையைப் பிடிச்சு வைக்கிறது) ஆன் பண்ணி 30 நாள் வை. அதுபோக ரெண்டு யூஎஸ்பி டிஸ்க் வாரம் ஒண்ணா மாத்து. காப்பி முடிஞ்சதும் கழட்டி, தேதி எழுதி ஒட்டி, முதலாளி வீட்டு பீரோவுக்குப் போயிடணும்.

கழட்டி வெச்சதுதான் கடைசில நிக்கும். 2017 ஜூன்ல நாட்பெட்யாங்கிற வைரஸ் வந்தப்போ மேர்ஸ்க் கப்பல் கம்பெனியோட டொமைன் கன்ட்ரோலர்கள் (லாகினையெல்லாம் பார்த்துக்கிற சர்வர்கள்) உலகம் பூரா போயிடுச்சு. கானாவுல ஒண்ணே ஒண்ணு தப்பிச்சுது, அந்த நேரம் அங்க கரண்ட் இல்லாததால. லைன் மெதுவா இருந்ததால அந்த டேட்டாவை நெட்ல அனுப்ப முடியாம, ஆள் கையில குடுத்து நைஜீரியா வழியா பிளேன்ல லண்டனுக்குக் கொண்டு போனாங்க.

ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இன்னைக்கே மூடு. வெளில இருந்து வர விபிஎன் (பூட்டின தனி வழி), அதுல ஓடிபி. மத்ததெல்லாம் அப்புறம்.

வார்டு_நெட்வொர்க்:

மதுரைல ஒரு ஆஸ்பத்திரி ஐடில இருக்கேன். அண்ணன் சொன்ன எல்லாத்துக்கும் ஆமா. ஆனா ரீஸ்டோர் பண்ணி, அதாவது திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் இப்போ நம்புறதே இல்லை.

எங்க லேப் டேட்டாபேஸ் ஒரு தடவை போச்சு. பேக்கப் நல்லாத்தான் இருந்தது. அதை என்க்ரிப்ட் பண்ணின பாஸ்வேர்டு எங்கன்னு தேடினா, அது அதே சர்வர்ல ஒரு எக்செல்ல. பழைய ஸ்டாஃப் ஒருத்தர் டைரில எழுதி வெச்சிருந்ததால பிழைச்சோம். அதுவரைக்கும் ஆறு மணி நேரம் நர்சுங்க ரிப்போர்ட்டைக் கையால எழுதினாங்க. இப்போ அந்தப் பாஸ்வேர்டு, சாஃப்ட்வேர் லைசென்ஸ் கீ எல்லாம் பேப்பர்ல எழுதி, கவர்ல ஒட்டி, லாக்கர்ல இருக்கு.

புரோகிராம் கோடு சேமிக்க இடம் தர்ற கிட்லேப் கம்பெனிலயே இப்படி நடந்திருக்கு. 2017 ஜனவரி 31 அன்னைக்கு ஒரு இன்ஜினியர் தவறுதலா மெயின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினா, வெர்ஷன் ஒத்துப்போகாம அது ஓடவே இல்லை. ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலும் ரிஜெக்ட் ஆகி யார் கண்ணுலயும் படலை. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக எடுத்த காப்பிதான் காப்பாத்துச்சு. அதை அவங்களே வெளிப்படையா எழுதினாங்க.

கிளவுட் மட்டும் போதாதுங்க. 100 எம்பிபிஎஸ் லைன் முழுசா கிடைச்சாலும் ஒண்ணே கால் டிபி இறங்கக் கிட்டத்தட்ட 28 மணி நேரம் ஆகும். ஷிப்மென்ட் அன்னைக்கு அது தாங்குமா? பக்கத்துல நாஸ், தூரத்துல கிளவுட், ரெண்டும் வேணும். கிளவுட்ல ஆப்ஜெக்ட் லாக் (ஃபைலை அழிக்க விடாத பூட்டு) இருக்கிறதா பாருங்க. கம்ப்ளையன்ஸ் மோட்ல போட்டா, குறிச்ச நாள் முடியற வரைக்கும் அக்கவுன்ட் ஓனரே நினைச்சாலும் அழிக்க முடியாது. சாதாரண டிரைவ் சிங்க்கை பேக்கப்னு நினைச்சுடாதீங்க. பூட்டின ஃபைலையும் அது அப்படியே மேல ஏத்திடும்.

பேரேடு:

கணக்குப் பக்கத்திலிருந்து சிறிது. டேலியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை நேராகக் காப்பி எடுக்காதீர்கள், திறக்கும்போது பழுது காட்டலாம். எல்லோரும் வெளியேறிய பிறகு, டேலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தி அதன் பேக்கப்பையே எடுங்கள்.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிக் கணக்கு விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். கிளவுட் வாங்கும்போது டேட்டா இருக்கும் இடம் (ரீஜியன்) மும்பை அல்லது ஹைதராபாத்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், எனவே 30 நாள் ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது. வருடக் கடைசிக் காப்பியைத் தனியாக எடுத்து வையுங்கள். இப்படி ஒன்று நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும், அதையும் முதலாளியிடம் சொல்லி வையுங்கள்.

நூல்கண்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் ஆச்சு. போர்ட் மூடியாச்சு, நாஸ் வந்து தானே எடுத்துக்குது, டிஸ்க் ரெண்டும் பீரோவுக்குப் போய் வருது. கிளவுட்டுக்கு மும்பை ரீஜியன்லயே கேட்டிருக்கேன்.

வார்டு_நெட்வொர்க் அக்கா சொன்ன மாதிரி நேத்து சனிக்கிழமை, மூலைல கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பை எடுத்து, சர்வரே இல்லைன்னு வெச்சுக்கிட்டு ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தேன். டேலி 40 நிமிஷத்துல வந்துடுச்சு. அக்கவுன்ட்ஸ் அக்காவைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை கடைசி பில்லைத் திறந்து காட்டினேன். தொகையைப் பேப்பரோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் எழுந்தாங்க. மார்க்கர் ஃபைல் வர அஞ்சு மணி நேரம் ஆச்சு.

அப்போதான் ஒண்ணு தெரிஞ்சுது. ஒரு பையரோட சைஸ் செட் பேட்டர்ன் (ஒவ்வொரு சைஸுக்குமான வெட்டு வடிவம்) எதுவுமே அதுல இல்லை. பேட்டர்ன் மாஸ்டர்கிட்ட கேட்டா, "அது என் டி டிரைவ்ல இருக்கு தம்பி, சர்வர்ல போட்டா ஸ்லோவா இருக்கு"ன்னார். ஏழு வருஷ வேலை, ஒரே டிஸ்க்ல. அப்பவே ஒரு காப்பி எடுத்துட்டேன். நாளைக்கு அவர் டேபிள்ல இருந்து ஆரம்பிச்சு நாற்பது சிஸ்டத்தோட டி டிரைவையும் ஒவ்வொண்ணா திறந்து பார்க்கப் போறேன்.